பூனைக்கு வைத்த மீன்

பூனை மனிதனிடம் மீன் திருடுவது உலக வழக்கம். நான் பூனையிடம் மீன் திருடியவன். அப்போது எனக்கு ஒன்பது வயது. எழுபதைத் தாண்டிய பிறகும் இதை எழுதக் கை கூசுகிறது.

கள்ளக்குறிச்சியில் அப்பா பள்ளி ஆசிரியர். அவருக்குச் சர்க்கரை நோய். தினமும் காலையில் கண்ணாடி ஊசிக்குழலைக் கொதிநீரில் போட்டெடுத்து, ஈர மணல் பானையில் வைத்திருந்த இன்சுலினை ஏற்றி அவருக்குப் போடுபவள் அக்கா. நர்சு படிப்புக்கு மனுப் போட்டிருந்தாள். அப்பாவுக்கு அனுப்ப மனமில்லை. இல்லையென்று சொல்லவும் வாய் வரவில்லை.

அந்த ஆவணியில் எங்கள் சாம்பல் நிறப் பூனை ஓயாமல் தண்ணீர் குடித்தது. எவ்வளவு தின்றும் முதுகெலும்பு துருத்தியது. பின்னங்கால்களைக் குதிகால் வரை தரையில் பதித்து நடந்தது. அது சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்ப்பதை அக்காதான் பார்த்தாள். எப்படியோ அந்த நீரை ஓர் ஓட்டில் பிடித்து, மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்த மாமாவிடம் கொடுத்தாள். அம்மாவின் தம்பியான அவர், அப்பா தன் சிறுநீரில் சர்க்கரை இருக்கிறதா என்று சோதித்துக்கொள்ளும் நீல மருந்திலேயே அதைக் கலந்து காய்ச்சினார். நீலம் செங்கல் நிறமானது.

“மாமா, ஒங்களுக்கும் பூனைக்கும் ஒரே நோவு,” என்றார் அப்பாவிடம்.

“அப்ப நாளைக்கு அதயே பள்ளிக்கூடத்துக்கு அனுப்பு. எனக்குப் பதிலா பாடம் நடத்தட்டும்.”

அக்கா சிரிக்கவில்லை. எவ்வளவு மருந்து போட வேண்டும் என்று கேட்டாள். மாமா மாட்டு டாக்டரைக் கேட்டு வந்து சொன்னார்: ஊசிக்குழலில் இரண்டே கோடு. பால்சோறு கூடாது, மீன் மட்டும். முதலில் வயிறு நிறையத் தின்ன வேண்டும், அப்புறம்தான் ஊசி.

“ஒரு மாசம் இத உசுரோட வெச்சுக் காட்டு,” என்றார் அப்பா அக்காவிடம். “நானே உன்ன பஸ் ஏத்தி வுடுறேன்.”

விளையாட்டாகத்தான் சொன்னார். அக்கா அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டே வாரத்தில் பூனையின் மயிர் பளபளத்தது. தண்ணீர்ச் சட்டி பாதிக்கு மேல் மீந்தது.

அதற்குள் புரட்டாசி பிறந்துவிட்டது. பெருமாள் மாதம், வீட்டில் கவுச்சி கிடையாது. பூனைக்கு மட்டும் கிணற்றோரம் மூன்று கல் கூட்டி, தனிச் சட்டியில் மீன் வெந்தது. கல்வராயன் மலையில் மழை பெய்து கோமுகி ஆற்றில் தண்ணீர் ஓடியதால் கெண்டை மலிவு. புரட்டாசியில் வாங்க ஆளில்லாததால் இன்னும் மலிவு.

“இந்தப் பாவம் யாரு தலையில விடியப் போவுதோ,” என்பாள் அம்மா.

“பூனைக்கு ஏதும்மா புரட்டாசி,” என்பாள் அக்கா.

ஆள் கூடினால் பூனை தின்னாது. அதனால் கிணற்றுக்குப் பின்னால் தட்டை வைத்து, தின்று முடித்ததும் குரல் கொடுப்பது என் வேலை. ஒருநாள் மூன்று கெண்டையில் ஒன்றை நான் எடுத்துக்கொண்டேன். உப்புகூட இல்லாத வெந்த மீன். அந்த ருசி அதற்குப் பிறகு எந்த மீனிலும் எனக்குக் கிடைக்கவில்லை. மறுநாள் இரண்டு. பூனைக்கு ஊசி போட்டார்கள், ஒன்றும் ஆகவில்லை. தின்ற பிறகுதான் ஊசி என்பது, கை கழுவிவிட்டுத்தான் சோறு என்பதைப் போலப் பெரியவர்களின் கண்டிப்பு என்று முடிவு கட்டினேன்.

மூன்றாம் நாள் சனிக்கிழமை. புரட்டாசிச் சனியில் பெருமாளுக்குப் படையல் போடும் வரை வீட்டில் யாரும் வாயில் எதுவும் வைக்கக் கூடாது. ஊசிக்காரர்கள் என்பதால் அப்பாவுக்கும் பூனைக்கும் மட்டும் விலக்கு. எனக்குப் பசி. மூன்றையும் தின்றேன். பூனை என் காலில் உரசிக் கத்திக்கொண்டே இருந்தது.

“தின்னுடுச்சுக்கா,” என்று குரல் கொடுத்தேன்.

பூனையைப் பிடித்துக்கொண்டு நான் நிற்க, அக்கா வழக்கம்போல ஊசிக்குழலை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள். “பாத்துக்கோ, ரெண்டு கோடு.” பார்த்தேன். இரண்டே கோடுதான்.

படையலுக்கு இலை போடும் நேரத்தில் பூனை கள் குடித்ததுபோலத் தள்ளாடி வந்து கூடத்தில் விழுந்தது. நான்கு கால்களும் காற்றில் ஓடின. வாயில் நுரை. படையலுக்கு வந்திருந்த மாமா சர்க்கரையைக் கரைத்து ஊற்றிப் பார்த்தார், பல் கிட்டிப்போயிருந்தது.

“தின்னுச்சாடா?”

“தின்னுச்சு மாமா.”

“மூணுமா?”

“மூணும்.”

மாமா அக்காவைப் பார்த்தார். “அப்ப கோடு கூடிப் போச்சு. இன்னா பண்றது, வுடு.”

அக்காவின் மடியிலேயே பூனை விறைத்தது. நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். ஆனால் என் பயம் பூனையைப் பற்றியதல்ல. புரட்டாசிச் சனியில், படையலுக்கு முன்னால், மீன் தின்றிருக்கிறேன். பெருமாள் கண்ணைப் பிடுங்கிவிடுவார் என்பதுதான்.

சாயங்காலம் அக்கா கிணற்றடியில் உட்கார்ந்து ஊசிக்குழலில் வெறும் தண்ணீரை இரண்டு கோட்டுக்கு ஏற்றினாள், பீய்ச்சினாள், மறுபடி ஏற்றினாள். என்னைக் கூப்பிட்டாள்.

“நீ கூடவே இருந்தியே. ரெண்டு கோடுதான ஏத்துனேன்?”

ஆமென்றால் அடுத்த கேள்வி மீனைப் பற்றி வரும்.

“தெரிலக்கா,” என்றேன்.

அந்தச் சொல் எவ்வளவு சுலபமாக வந்தது என்று இன்று நினைத்தாலும் திடுக்கென்கிறது. அது பொய்யே அல்ல என்றுகூட அன்று எண்ணினேன்.

மறுநாளிலிருந்து அக்கா ஊசிக்குழலைத் தொடவில்லை. அப்பா தினமும் ஆஸ்பத்திரிக்கு நடந்தார். அடுத்த வாரம் நர்சு படிப்புக்கு வரச்சொல்லிக் கார்டு வந்தது.

“போய்ட்டு வாம்மா. பூனைய வெச்சுப் பேசுன பேச்செல்லாம் ஒரு பேச்சா?” என்றார் அப்பா.

“ரெண்டு கோடு பாத்து ஏத்தத் தெரியாத கைப்பா இது. மனுசங்களுக்கு வேணாம்.”

சென்ற ஆண்டு அக்கா இறந்தாள். கடைசிவரை நான் அவளிடம் சொல்லவில்லை.

அவள் ஊரைவிட்டுப் போகப்போவதில்லை என்று தெரிந்த அன்று, நான் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு குதித்தேன்.