நூறு பேரில் முப்பது பேர்

குமுதா மலேசியாவில் சித்தியவான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். தோட்டம் எண்ணெய் தரும் செம்பனைக்கு மாறி வேலை குறைந்ததும் ஈப்போ நகரத்துக்கு வந்து, அங்கே ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலைக் கேண்டீனில் சமையலுக்குச் சேர்ந்தாள். புருஷன் தேவன் லாரி ஓட்டியவன். அவன் அறைந்த ஓர் அறையில் அவளுடைய இடது காது கேட்காமலே போயிற்று. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு அவளையும் இரண்டு பெண்களையும் விட்டுவிட்டு, பாகான் டத்தோவில் இருந்த தன் அக்கா காளியம்மா வீட்டோடு போய்விட்டான். சட்டப்படி இருவரும் பிரியவில்லை. அதனால், சென்ற வருஷம் அவனை மாரடைப்போடு ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது, மனைவிக்குத்தான் தகவல் சொன்னார்கள். சின்ன மகள் தனேஸ்வரி போனில் அழுததால் குமுதா போனாள்.

டாக்டர் அருண்பிரகாஷ் அவளையும் காளியம்மாவையும் வார்டுக்கு வெளியே அழைத்துப் பேசினார்.

"பெரிய அட்டாக்மா. நுரையீரல்ல தண்ணி சேர்ந்திருக்கு. வயசு, பிரஷர், நாடித் துடிப்பு, கிட்னி ரிப்போர்ட் எல்லாத்தையும் சேர்த்து ஒரு கணக்குப் போடுவோம். இவர மாதிரி நூறு பேரு வந்தா, முப்பது பேரு ஆஸ்பத்திரியிலயே இறந்துபோறாங்க."

"என் தம்பி அந்த முப்பதுல இருக்கானா?" என்றாள் காளியம்மா.

"அத யாரும் சொல்ல முடியாதும்மா. எவ்வளவு கவனமா பாக்கணும்னு எங்களுக்குத் தெரியறதுக்குத்தான் இது."

அவர் போனதும் காளியம்மா திரும்பினாள். "எல்லாம் உன் சாபம்லா."

"என் சாபம் பலிக்கும்னா பதினோரு வருஷமா எடுக்கும்?"

இருவரும் உள்ளே வந்ததும் தேவன் ஆக்சிஜன் முகமூடியை விலக்கிக் கேட்டான். "டாக்டர் என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் இல்லடா, நல்லாயிருவே" என்றாள் அக்கா.

"பொய். ஒன்ன மாதிரி நூறு பேருல முப்பது பேரு செத்துப்போறாங்களாம்" என்றாள் குமுதா. கல்யாணமான நாளிலிருந்து அவனை அவள் ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை.

"நான் சாகிறதப் பாக்கத்தான் வந்தியா?"

"ஆமா."

அவன் கை மெத்தையிலிருந்து உயர்ந்தது. ஊசிக் குழாய் இழுக்க, பாதியிலேயே விழுந்தது. குமுதா ஓரடிகூடப் பின்வாங்கவில்லை. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

தேவன் பிழைத்துக்கொண்டான். ஒன்பதாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். "பொண்டாட்டி நீதானே, கூட்டிட்டுப் போ" என்றாள் காளியம்மா. "முடியாது" என்று சொல்லிவிட்டுக் குமுதா பஸ் ஏறினாள்.

குமுதா அவனிடம் சொன்னதைக் காளியம்மா சொந்தபந்தம் முழுக்கப் பரப்பினாள். தனேஸ்வரி போன் செய்தாள். "சாகக் கிடந்தவருகிட்ட அப்படிச் சொல்லலாமாம்மா?"

"அவரு கேட்டாரு. உள்ளத சொன்னேன்."

மகள் போனை வைத்துவிட்டாள். அந்தத் தீபாவளிக்கு அவள் வரவில்லை. அன்றைக்குத்தான் குமுதா அழுதாள். தேவனுக்காக ஒரு சொட்டும் இல்லை.