பதினோரு பொத்தானை நான்காக்கியவள்

அலுவலகத்தில் அவளுக்கு ‘நாற்காலி மேடம்’ என்று பெயர். யாரிடமாவது பேச வேண்டுமென்றால் மின்னஞ்சல் அனுப்ப மாட்டாள்; தன் நாற்காலியை உருட்டிக்கொண்டே போய் அவர்கள் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள்.

முன்பெல்லாம் அவள் அப்படி இல்லை. படுக்கையில் இருக்கும் நோயாளிக்கு அளவாக மருந்து ஏற்றும் பம்ப் கருவிகளைச் செய்யும் நிறுவனம் அது. அந்தக் கருவியின் திரையும் பொத்தான்களும் எப்படி இருக்க வேண்டும் என்று வகுப்பது மூத்த டிசைனரான அவள் வேலை. பழைய கருவியில் மருந்தைத் தொடங்க ஒரு நர்ஸ் பதினோரு முறை அழுத்த வேண்டும். நான்கு மாதம் வார்டு வார்டாக நின்று எண்ணிப் பார்த்து, அதை மூன்றாகக் குறைத்து, அழகாக வரைந்து, பெரிய மீட்டிங்கில் கொண்டுபோய் வைத்தாள்.

இருபது நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

“இவ்வளவு காலியா இருந்தா எந்த ஆஸ்பத்திரியில வாங்குவாங்க?” என்றார் விற்பனைத் தலைவர். தலைமை எஞ்சினியர் கையைக் கட்டிக்கொண்டு, “இதுக்கெல்லாம் நாள் இல்ல” என்றார். பாதுகாப்பைப் பார்க்கும் டாக்டரம்மா, “அளவைச் சரிபார்க்கிற படியைக் காணோமே” என்றார். அவள் ஒவ்வொருவரோடும் மல்லுக்கு நின்றாள். குரல் ஏறியது. நிர்வாக இயக்குநர் கோப்பை மூடி, “அப்புறம் பார்க்கலாம்” என்றார். அந்த அப்புறம் வர இரண்டு வருடம் ஆனது.

அன்று மாலை கணவரிடம் கொட்டித் தீர்த்தாள். பள்ளியில் கணக்கு வாத்தியார் அவர். காய் நறுக்கியபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

“சரி, அவங்க ஏன் வேண்டாம்னாங்க?”

“அதான் சொன்னேனே, புரியாம பேசுறாங்க.”

“ஏன்னு கேட்டியா?”

கேட்கவில்லை. அது அவளுக்கு உறைத்தது.

மறுபடி அந்த வேலை தொடங்கியபோது முதல் மாதம் அவள் ஒரு கோடுகூடப் போடவில்லை. நாற்காலியை உருட்டிக்கொண்டு கிளம்பினாள். தலைமை எஞ்சினியர் நான்கு நாள் ‘ம்’ என்பதற்கு மேல் வாய் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் தானாகவே சொன்னார்.

“முந்தின மாடல்ல கடைசி மாசம் உங்க பக்கத்துல இருந்து நாப்பது மாத்தம் வந்துச்சு. என் ஆளு ஒருத்தர் தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு கேட்டாரு. நான் கொடுக்கல. இன்னும் அவரு என்கிட்ட முகம் கொடுத்துப் பேசறதில்ல.”

அவள் ஒரு தாளில் தேதியை எழுதி, இதற்குப் பிறகு என்னிடமிருந்து ஒரு புள்ளிகூட மாறாது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அவர் அதைத் தன் கணினித் திரையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டார்.

டாக்டரம்மாவிடம் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, தவறு தன்னுடையது என்று. எண்ணிக்கையைக் குறைக்கும் வீம்பில் சரிபார்க்கும் படியையே வெட்டியிருந்தாள். மூன்று என்று மார்தட்டியவள் அதை நான்காக்கினாள். வலிக்கத்தான் செய்தது.

மிஞ்சியவர் விற்பனைத் தலைவர். முகத்துக்கு நேரே “பிரமாதம் மேடம்” என்பார். மீட்டிங்கில் காலை வாருவார். அவரைப் பயிற்சி வார்டுக்கு அழைத்துப் போனாள். படுக்கையில் நோயாளிக்குப் பதில் ஒரு பொம்மை. அவர் கையில் கையுறை மாட்டிவிட்டு, பழைய கருவியில் ஐந்து என்று அளவு வைக்கச் சொன்னாள். பக்கத்துக் கருவியில் அலாரம் அடித்தது. அவர் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எரிச்சலோடு பொத்தான்களைத் தட்டி முடித்துவிட்டு நிமிர்ந்தார். திரையில் ஐம்பது.

அங்கிருந்த நர்ஸ் சாதாரணமாகச் சொன்னார்: “எனக்கும் ஒரு தடவை இப்படி ஆச்சு சார். நல்லவேளை, கூட இருந்தவங்க பார்த்துட்டாங்க.”

விற்பனைத் தலைவர் கையுறையைக் கழற்றினார். திரும்பி வரும்போது காரில் கேட்டார்: “வாங்கறவங்ககிட்ட நான் இதை எப்படிச் சொல்றது?”

“அதை நீங்கதான் சொல்லணும் சார். அந்தப் பேச்சு எனக்கு வராது.”

இரண்டு நாள் கழித்து அவரே அவள் மேசைக்கு வந்தார். “பொத்தான் குறைவுன்னு சொல்லக் கூடாது மேடம். தப்பு நடக்க இடம் குறைவுன்னு சொல்லணும்.”

மீட்டிங் நாள் வந்தது. இயக்குநர் படங்களைப் புரட்டிவிட்டுப் புருவத்தைத் தூக்கினார். “பழசுல இருபது வசதி இருந்துச்சு. இதுல பாதியைக் காணோமே?”

அவள் வாயைத் திறப்பதற்குள் விற்பனைத் தலைவர் எழுந்துவிட்டார். ஐந்து ஐம்பதான கதையை, தன் கை செய்த தவறென்று மறைக்காமல் சொன்னார். “சொன்ன தேதிக்கு முடிச்சிடுவோம், எழுதி வாங்கியிருக்கேன்” என்றார் எஞ்சினியர். டாக்டரம்மா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, “நான் கையெழுத்துப் போடறேன்” என்றார்.

இயக்குநர் அவள் பக்கம் திரும்பினார். “நீங்க ஒண்ணும் சொல்லலையே?”

“சொல்ல எதையும் மிச்சம் வைக்கலையே சார், இவங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். பன்னிரண்டு நிமிடத்தில் ஒப்புதல் கிடைத்தது. அவள் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சத்தமில்லாமல் குதித்தாள், நாற்பத்தாறு வயதில்.

வீட்டில் கணவர் கேட்டார்: “ஊரையே பக்குவமா பேசி வழிக்குக் கொண்டு வர்ற. என்கிட்ட மட்டும் ஏன் எடுத்த எடுப்புல சண்டை?”

“உங்ககிட்ட ஒப்புதல் வாங்க வேண்டியதில்லையே.”

எல்லாமே அவள் நினைத்தபடி நடந்துவிடவில்லை. ஆசையாக வரைந்த திரைப் பக்கமொன்றை நாள் போதாமல் கைவிட வேண்டியிருந்தது. அதை நினைத்தால் இன்றும் முகம் சுருங்கும். ஆனால் புதிய கருவி முதல் மருத்துவமனைக்குப் போன காலையில் அவள் அங்கே இருந்தாள். இரண்டு மணி நேரம் ஒதுக்கியிருந்த பயிற்சி, அரை மணியில் முடிந்தது. “இவ்வளவுதானா?” என்று ஒரு மூத்த நர்ஸ் சந்தேகமாகக் கேட்டார். பயிற்சி தந்தவர், “அவ்வளவுதான்” என்று கையை விரித்தார். மீதி நேரத்துக்கு எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள்.

வராந்தாவில் விற்பனைத் தலைவர் மருத்துவமனை நிர்வாகியிடம் விளக்கிக்கொண்டிருந்தார்: “முதல்ல இருந்தே எங்க எண்ணம் இதுதான் சார். நர்ஸுங்க கையில தப்பு நடக்க இடமே இருக்கக் கூடாது.”

முதலிலிருந்தேவா? அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு அவரைத் தாண்டி நடந்தாள். சொந்தப் பிள்ளையைப் பற்றிப் பேசுவதுபோல் அவர் பேசிக்கொண்டே போனார். அதைக் கேட்கத்தான் அவள் நடையை மெதுவாக்கினாள்.