வாவியில் எட்டுக் கிலோமீற்றர்

வெள்ளவத்தை ஸ்ரீஸ்கந்தராசா ஒரு கடிதப் பைத்தியம். முப்பத்தாறு வருஷம் கந்தோரில் கிளாக்கராக இருந்து பென்ஷன் எடுத்த மனுசன். குழாயில் தண்ணி வராவிட்டாலும் கடிதம், பஸ் நிற்காவிட்டாலும் கடிதம். "உங்கட கடிதமெல்லாம் கடலைக்காரன் சுருள் சுத்தத்தான் போகுது" என்று மனுசி நேசமலர் பகிடி பண்ணுவா. கடைசியில் ஒன்று பலித்தது. அதுதான் வினை.

மகள் உஷாந்திக்கு வங்கியில் வேலை. வங்கிப் பெண்கள் நாலு பேர் சேர்ந்து விடியற்காலையில் நகர நடுவிலுள்ள வாவியில் துடுப்புப் படகு வலிக்கிறார்கள். அந்தப் படகு நீளமாய், ஒல்லியாய், ஒரு அலைக்கே கவிழக்கூடியது. வலிப்பவர்களின் கால் வேறு படகோடு பூட்டிய சப்பாத்துக்குள் இருக்கும். அதனால் பின்னால் காவலுக்கு ஒரு இஞ்சின் போட் போகவேணும். அதை ஓட்டுகிறவர் நம்முடைய ஸ்ரீஸ்கந்தராசா. சம்பளம் இல்லை, மகள்தான் சம்பளம்.

போன வருஷம் உல்லாசப் பயணிகளை ஏற்றும் வேகப் படகொன்று பறந்துபோக, அந்த அலையில் பெண்கள் கவிழ்ந்தார்கள். உஷாந்தி நாற்றத் தண்ணியைக் குடித்து இரண்டு கிழமை காய்ச்சலில் கிடந்தாள். தகப்பன் பேனையை எடுத்தார். மொத்தம் பதினொரு கடிதம். வாவிக் கந்தோர் அதிகாரி கூப்பிட்டுக் கேட்டார்: "இஞ்சின் படகுக்கு மணிக்கு எட்டுக் கிலோமீற்றர்தான் உச்ச வேகம் எண்டு சட்டம் போடுறம். உங்கட காவல் போட்டுக்கு விலக்கு வேணுமா, அங்கிள்?"

"வேண்டாம் சேர். சட்டம் எண்டால் எல்லாருக்கும் சட்டம்."

அட, அந்த வாயைக் கொஞ்சம் மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே! வாழ்நாள் முழுக்க விதியைப் பிடித்துத் தொங்கிய கிளாக்கருக்கு அது எங்கே வரும்?

பலகை நட்டார்கள். ஒரு மாதம் போகவில்லை, வேகப் படகுக்காரன் எங்கேயோ போய் விசேஷ அனுமதி எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். சுற்றுலா என்றால் டொலராம். சட்டம் இவருக்கு மட்டும் மிஞ்சியது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது. பெண்கள் கையால் வலித்தே எட்டைத் தாண்டுவார்கள். இவர் பின்னால் ஊர்ந்துகொண்டு, எரிச்சலில் பல்லைக் கடிப்பார். பன்னிரண்டாவது கடிதம் போட்டார். விலக்கு வேண்டாமென்று நீங்களே சொன்னதாகக் கந்தோர்க் கோப்பில் இருக்கிறது என்று பதில் வந்தது.

போன செவ்வாய்க்கிழமை வேகப் படகு திரும்பவும் பறந்தது. படகு கவிழ்ந்தது. மூன்று தலை மேலே வந்தது, உஷாந்தியின் தலையைக் காணவில்லை.

"சட்டமாவது மண்ணாங்கட்டியாவது!" இஞ்சினை முழுசாக முறுக்கினார். போய்ச் சேர, அவளும் சப்பாத்திலிருந்து காலை உருவிக்கொண்டு மேலே வந்தாள். சேர்ட்டைப் பிடித்து இழுத்து ஏற்றினார்.

கரையில் நின்ற வாவிக் காவலாளி இவருடைய போட் நம்பரைக் குறித்துக்கொண்டான். அன்று பின்னேரமே போட்டுக்குச் சங்கிலி போட்டு, ஒரு மாதத் தடை விதித்தார்கள். "மகளைக் காப்பாத்தினது நல்லது, அங்கிள். ஆனா ஒரு ஆளுக்கு விட்டால் எல்லாரும் கேப்பினம். சட்டம் எல்லாருக்கும் எண்டு நீங்கள்தானே சொன்னீங்கள்" என்றார் அதிகாரி.

வங்கிகளுக்கிடையிலான போட்டிக்கு இன்னும் மூன்று கிழமைதான். வெள்ளிக்கிழமை காலையில் பெண்கள் படகை இறக்கினார்கள்.

"போகாதை பிள்ளை. பின்னால ஆர் வாறது?"

"ஒரு மாசம் இருந்தால் போட்டி முடிஞ்சிடும் அப்பா. கரையோரமாய்த்தான் போவம். பயப்பிடாதேங்கோ."

படகு நழுவிப் போனது. அவர் பாலத்தடியில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். எதிர்க்கரையில் வேகப் படகின் இஞ்சின் உறுமுகிற சத்தம் கேட்டது. "உஷாந்தி!" என்று கத்தினார். அவளுக்குக் கேட்கவில்லை. அறுபத்தேழு வயது மனுசன் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுக் கரை நெடுக ஓடத் தொடங்கினார்.