தர்பார் ஹாலும் தாராவி விலாசமும்

போன வாரம் என் மகள் செம்பூர் வீட்டு சோபாவில் சாய்ந்துகொண்டே ஒரு பழைய அரண்மனையில் அறை பிடித்துவிட்டாள். ஆபீஸ் விழாவுக்காம். மொபைலில் படத்தைத் தொட்டாள், எத்தனை பேர், மத்தியானமா சாயங்காலமா என்று இரண்டு தட்டு தட்டினாள், முடிந்தது. "உன்னை யாரும் ஒண்ணும் கேக்கலையா?" என்றேன். என்ன கேட்கணும் என்று என்னையே திருப்பிக் கேட்டாள். அவளுக்கு எங்கே தெரியும், கேட்பதற்கென்றே சம்பளம் வாங்கியவள் நான்.

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று வருஷம் நான் இருந்தது அரண்மனையில்தான். இப்படி ஆரம்பித்தால் கேட்பவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள், அதற்காகவே இப்படி ஆரம்பிப்பேன். வேலை என்னவோ புக்கிங் கிளார்க். குஜராத் பக்கத்துச் சின்ன சமஸ்தானத்து ராஜா ஒருவர் பம்பாய்க் கடலோரத்தில் கட்டிய அரண்மனை அது. சர்க்கார் கொடுத்துவந்த மன்னர் மானியம் நின்றுபோனதும் குடும்பம் மாடியில் ஒடுங்கிக்கொண்டு, கீழே இருந்த அறைகளை விசேஷங்களுக்கு வாடகைக்கு விட்டது. பிறந்தநாளுக்கு ராணியின் பாட்டு அறை, கண்காட்சிக்கு பில்லியர்ட்ஸ் அறை, கல்யாணத்துக்கு தர்பார் ஹால். ஹால் முழுக்க ஒரே கம்பளம். கடல் காற்றில் அது எப்போதும் கொஞ்சம் ஈரமாகவே மணக்கும். இன்றும் ஈரக் கம்பள வாசனை எங்காவது வந்தால் டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்த மாதிரி என் முதுகு தானாக நிமிரும்.

நான் டைப் அடித்துத் தரும் படிவத்தில் மேனேஜர் முதலில் பார்ப்பது விலாசத்தைத்தான். மலபார் ஹில் என்றால் உடனே டீ வரும். பிடிக்காத இடமென்றால் என்னிடம் கண்ணைக் காட்டுவார். 'ஹால் காலி இல்லை' என்று நான் சொல்ல வேண்டும். சொல்வேன். நல்ல இங்கிலீஷில், சிரித்த முகமாகச் சொல்வேன்.

இத்தனைக்கும் என் வீடு தாராவியில். வேலைக்கு எழுதிப் போட்டபோது பக்கத்தில் கௌரவமான இடமான மாட்டுங்கா என்று போட்டிருந்தேன். எங்கள் சந்தில் எல்லாரும் அப்படித்தான். பேங்கோ காலேஜோ, சயான் என்போம், மாஹிம் என்போம், ஆளுக்கொரு ஊர். எந்த சயான் எந்தக் குழாயடிக்குப் பக்கத்தில் என்பது தபால்காரருக்குத் தெரியும்.

ஒரு நாள் என் மேஜை முன்னால் வந்து நின்றார் செல்லையா அண்ணாச்சி. எங்கள் சந்துக்காரர், தோல் பை தைக்கிற பட்டறை வைத்திருந்தவர். எப்போதோ பை டெலிவரி கொடுக்க வந்தபோது தர்பார் ஹாலை எட்டிப் பார்த்தாராம். மகள் கல்யாணம் இங்கேதான் என்று அன்றே முடிவு செய்துவிட்டார். மேனேஜர் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருக்கிறார். சயான் என்று எழுதிவிடலாம் அண்ணாச்சி, இல்லையென்றால் ஹால் கிடைக்காது என்று தணிந்த குரலில் சொன்னேன்.

அவர் குரலை உயர்த்தவே இல்லை. "என்னத்துக்கும்மா? பத்திரிகையில தாராவின்னுதான போடப்போறேன். எம்மவ கழுத்துல பொய்யச் சொல்லியா தாலி ஏறணும்?"

தாராவி என்றே அடித்தேன். மேனேஜர் படித்தார், கண்ணைக் காட்டினார். என் முன்னால் விரிந்து கிடந்த டைரியில் அந்தத் தேதி வெறுமையாக இருந்தது. எத்தனையோ பேரிடம் சொன்ன வாக்கியம், அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்து வரவில்லை. வெட்கமாக இருந்தது, அதுவரை சொன்னதற்கெல்லாம் சேர்த்து வெட்கமாக இருந்தது. எழுந்து நின்று, ஹால் அன்றைக்குக் காலிதான், நானும் இவர் இருக்கும் சந்துதான், மாட்டுங்கா என்று எழுதியது பொய் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். அதுவும் நல்ல இங்கிலீஷில்தான்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கையெழுத்துப் போட்டார். கம்பளத்தில் ஒரு அழுக்குப் பட்டாலும் உன் வேலை போச்சு என்றார்.

கல்யாணத்தன்று வாசலில் வேர்த்துப்போய் நின்றேன். சாப்பாட்டுப் பந்தலைத் தோட்டத்தில் போட வைத்துவிட்டேன், ஆனால் நானூறு பேர் காலுக்கு என்ன செய்வது? தாராவியிலிருந்தும் உல்லாஸ்நகரிலிருந்தும் பஸ்கள் வந்தன. முதலில் படியேறிய பெரியம்மா ஒருத்தி உள்ளே பார்த்தாள், செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். பின்னால் வந்தவர்களும் கழற்றினார்கள். யாரும் சொல்லவில்லை, கல்யாண வீட்டுக்குள் செருப்போடு யார் போவார்கள்? சலவைக்கல் படிகள் நெடுக செருப்பு வரிசை. எல்லாம் முடிந்ததும் மேனேஜர் குனிந்து கம்பளத்தை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். அடுத்த மாதம் தாராவியிலிருந்து இன்னொரு படிவம் வந்தபோது கண்ணைக் காட்டாமல் கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு நான் யாரிடமும் மாட்டுங்கா என்றதில்லை. செம்பூருக்கு வந்த பிறகுகூட, நிரந்தர விலாசம் எங்கே கேட்டாலும் அந்தச் சந்து விலாசத்தைத்தான் எழுதுவேன், கதவு எண்ணோடு, கொஞ்சம் பெரிய எழுத்திலேயே. போன மாதம் அந்தப் பக்கம் போனேன். அண்ணாச்சி குடும்பம் தாணேக்குப் போய் வெகுநாளாகிறது. எங்கள் வரிசை முழுக்க நீலத் தகர வேலி, உள்ளே வீடுகளை இடித்துவிட்டுப் புதுக் கட்டடத்துக்குப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். எங்கே போகணும் மௌஸி என்று வாட்ச்மேன் இந்தியில் கேட்டான். கதவு எண், சந்து, தாராவி என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். கையிலிருந்த விலாசப் பட்டியலை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, அப்படி ஒரு விலாசமே இங்கே இல்லை என்றான்.