நோலீன் கண்ட ஆலாக் கூட்டம்

பக்கத்து வீட்டு நோலீன் பறவை பார்க்கிற லட்சணமே வேறு. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். குரல் இன்னும் ஓய்வு பெறவில்லை. துணி உலர்த்திக்கொண்டே மரத்து மாக்பைப் பறவையிடம் சண்டை பிடிப்பாள். குக்கபராப் பறவை அடுப்பிலிருந்து தொத்திறைச்சியைத் தூக்கிக்கொண்டு பறந்தால், "சாஸ் வேண்டாமாடா?" என்று கத்துவாள்.

அவளை மயக்கிப்போட்ட பறவை ஒன்றே ஒன்றுதான். ஆலா என்ற கடற்பறவை. கருந்தலையும் வெள்ளை உடம்புமாக, கையளவு இருக்கும். எங்கள் மணல்திட்டில் முட்டையிட வந்துகொண்டிருந்தவை, சில வருடங்களாக வரவில்லை. நோலீன் மட்டும் விடாமல் திட்டைச் சுற்றிக் கயிறு கட்டிக் காத்தாள். இந்தக் கோடையிலும் வராவிட்டால் கயிற்றை அவிழ்த்துத் திட்டில் ஜீப்புகளை ஓட விட்டுவிடுவோம் என்று ஊர்க் கவுன்சில் சொல்லிவிட்டது. அவள் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

அந்த நேரம் பார்த்து அவளுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை. வீடு திரும்பிய மறுநாள் காலை, சமையலறை ஜன்னலில் பைனாகுலரை வைத்தவள் ஊரெல்லாம் போன் போட்டாள்.

"வந்துட்டாங்க! கூட்டமா உக்காந்திருக்காங்க! எல்லாரும் ஓடியாங்க!"

மடக்கு நாற்காலி, கேக், பீர் என்று கடற்கரையில் திருவிழா. ஊன்றுகோலில் நின்று நோலீன் அழுதுகொண்டிருந்தாள். என் கணவர் லாயிட் மட்டும் பேயறைந்ததுபோல நின்றார்.

"நோலீன், அது... நான் செதுக்குன மரப்பொம்மை. அதுங்களப் பாத்து நெஜ ஆலா இறங்கும்னு நேத்து சாயங்காலம்தான் வெச்சேன். உங்கிட்ட சொல்றதுக்குள்ள..."

"மரமா?" அவள் முகம் செத்துப்போனது. எனக்கு லாயிட்டை அங்கேயே அறையலாம்போல இருந்தது. கேக் வெட்ட வந்தவர்கள் கத்தியைக் கீழே வைத்தார்கள்.

அப்போதுதான் கடல் பக்கமிருந்து ஒரு ஆலா மீனோடு வந்து இறங்கியது. நேராக ஒரு பொம்மையிடம் போய், தலையைத் தாழ்த்தி, மீனை நீட்டியது. ஆண் ஆலா பெண் கேட்கிற வழக்கம் அது. பொம்மை கண்டுகொள்ளவில்லை. சுற்றி வந்து மறுபடி நீட்டியது.

"டேய் மக்கு, அது மரம்டா!" என்று நோலீன் சிரித்த சிரிப்பில் கடலே திரும்பிப் பார்த்திருக்கும். "பாத்தியா லாயிட்? அவனுக்கே தெரியல, எனக்கெப்படித் தெரியும்?"

சொல்லி வாய் மூடவில்லை, இன்னொரு ஆலா இறங்கி அந்த மீனை வாங்கிக்கொண்டது.

ஊரே கூச்சல் போட்டது. எனக்கும் கண் நிறைந்துவிட்டது. நோலீன் மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னாள்:

"கவுன்சில்காரனுக்கு ஒரு துண்டு கேக் எடுத்து வைங்கப்பா. கயித்த அவுக்க வர்றேன்னானே, வந்து கல்யாணத்தப் பாத்துட்டுப் போகட்டும்!"