கலந்துபோன கிளிஞ்சல்கள்

ஐந்தாம் வகுப்பில் என்னை விஞ்ஞானி என்று நானே அறிவித்துக்கொண்டேன். காரணம் என் அக்கா. ஒதியம்பட்டிலிருந்து தினமும் பஸ் ஏறிப் புதுச்சேரிக்குப் போய் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தவள், கப்பலில் ஐந்து வருடம் உலகைச் சுற்றிய ஓர் இளைஞரின் கதையைச் சாப்பிடும்போது சொல்வாள். கடல் ஒத்துக்கொள்ளாமல் வழியெல்லாம் வாந்தி எடுத்தவராம். போன இடங்களில் பூச்சி, பறவை, எலும்பு என்று கிடைத்ததையெல்லாம் சேர்த்துக்கொண்டு வந்தவராம். உயிர்கள் எப்படி மாறிக்கொண்டே வந்தன என்று பிற்பாடு உலகத்துக்கே எடுத்துச் சொன்னவராம்.

எனக்கும் கப்பல் வேண்டுமென்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. வீராம்பட்டினத்தில் அப்பாவுக்குப் படகு வைத்திருந்த நண்பர் ஒருவர் உண்டு. அவரை மாமா என்போம். அம்மா வேண்டாமென்று சொல்லியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் என்னையும் அப்பாவையும் ஏற்றிக்கொண்டு போனார். இரண்டு முறை வாந்தி எடுத்தேன். அதுவும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆற்றுச் சேற்றிலும், முகத்துவாரத்து மணல்திட்டிலும், கடற்கரையிலும் கேட்ட இடத்திலெல்லாம் மாமா நிறுத்தினார். கிடைத்த கிளிஞ்சல்களை ஒரே பையில் அள்ளிப் போட்டுக்கொண்டேன்.

வீட்டில் கொட்டிப் பரப்பியதும் அக்கா குந்தி உட்கார்ந்து பார்த்தாள். எல்லாம் ஒரே ஜாடை. ஆனால் சில தடிமனாக, சில மெல்லியதாக, சில வரிவரியாக இருந்தன.

“எதுடி எங்க எடுத்த?”

“எங்க எடுத்தா இன்னா? எல்லாம் கிளிஞ்சல்தான?”

அக்கா சிரித்துவிட்டாள். தீவுகளில் பிடித்த குருவிகளில் எது எந்தத் தீவு என்று அந்த மனிதரும் சரியாகக் குறித்துவைக்கவில்லையாம். “அவரும் இப்படித்தான்டி கோட்டை வுட்டாரு.”

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அவர் செய்த தவறையே நானும் செய்திருக்கிறேன் என்றால், அவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? மறுநாள் வகுப்பில் எழுந்து இதையே சொன்னேன். டீச்சர் கைதட்டச் சொன்னார்.

சாயங்காலம் வீடு திரும்பினால், கிளிஞ்சல்கள் மூன்று பொட்டலங்களாக இருந்தன. ‘ஆறு’, ‘முகத்துவாரம்’, ‘கடல்’ என்று அக்காவின் கையெழுத்து. கல்லூரிக்கு மட்டம் போட்டுவிட்டு வீராம்பட்டினம் போயிருக்கிறாள். மாமா ஒவ்வொன்றாகப் பார்த்துப் பிரித்துக் கொடுத்திருக்கிறார். என்னுடைய ஆராய்ச்சியை அக்கா கெடுத்துவிட்டாள் என்று அம்மாவிடம் அழுதேன்.

ஊர் திரும்பிய பிறகு அந்த மனிதர், கப்பலில் கூட வந்தவர்கள் பிடித்த குருவிகளையும் எது எந்தத் தீவு என்று கேட்டுக் கேட்டுச் சரிபார்த்ததும், இருபது வருடத்துக்கு மேல் யோசித்துவிட்டே புத்தகம் போட்டதும் நான் வளர்ந்த பிறகு படித்தவை. எங்கள் வீட்டில் அவரைப் போல ஒருத்தி இருக்கத்தான் செய்தாள். அது நானில்லை என்பதுதான் அன்று எனக்குத் தெரியவில்லை.