அரக்கு முத்திரையும் நாலே முக்கால் பஸ்ஸும்

போன வாரம் தபால் நிலையத்தில் ஒரு பெரியவர் பார்சலுக்கு அரக்கு வைத்துக்கொண்டிருந்தார். இந்தக் காலத்தில் அரக்கா என்று வேடிக்கை பார்க்க நின்றேன், அவ்வளவுதான். உருகிய அரக்கு வாசனை மூக்கில் ஏறியதும் என் முறை வந்ததே தெரியவில்லை. கவுன்ட்டர் பெண் இரண்டு தரம் கூப்பிட்டாள்.

எனக்கு அது பரீட்சை வாசனை. 2006இல் கடலூரில் ஒரு கத்தோலிக்கப் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்தேன். தினமும் சிதம்பரத்திலிருந்து பஸ். போகும்போதும் தூக்கம், வரும்போதும் தூக்கம். புதுச்சத்திரம் வருவதற்குள் என் தலை பக்கத்து சீட்டு அம்மாவின் தோளில் இருக்கும். பாவம், யார் யாரோ பொறுத்துக்கொண்டார்கள்.

அந்தப் பள்ளியில் அரையாண்டுத் தேர்வுத் தாளுக்குக்கூட அரசாங்க ரகசியத்தின் மரியாதை. ஜெராக்ஸ் கடையிலிருந்து வந்த தாள்களை இரண்டு டீச்சர்கள் எண்ண வேண்டும். காக்கி உறையில் போட்டு, நூல் கட்டி, அரக்கு முத்திரை வைத்து, 'எண்ணிச் சரிபார்த்தோம்' என்று இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். எனக்கு ஜோடி பிலோமினா டீச்சர். பதினெட்டு வருஷ சர்வீஸ். முத்திரையும் உறைகளை வைத்துப் பூட்டும் பீரோவின் சாவியும் அவரிடம்தான். என் பஸ் நாலே முக்காலுக்கு.

"வெறும் ஒறையில கையெழுத்த போட்டுட்டு நீ கெளம்பு. நான் எண்ணி வச்சிக்கிறேன்" என்பார்.

நானும் போடுவேன். செருப்பை மாட்டிக்கொண்டே போட்டதும் உண்டு.

ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையன்று உறையைப் பிரித்தால் ஒரு தாள் குறைந்தது. அதே வகுப்பில் ஒரு பெண்ணின் ரஃப் நோட்டில் அத்தனை கணக்கும் வரிசை மாறாமல் இருந்தன. பிலோமினா டீச்சரின் தெருக்காரப் பெண். கேட்டதற்கு அழுதாளே தவிர ஒன்றும் சொல்லவில்லை.

தலைமை சிஸ்டர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். உறையைத் திருப்பி என் கையெழுத்தைக் காட்டினார்.

"எண்ணும்போது நீங்க கூட இருந்தீங்களா மிஸ்?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். உறை போட்ட அன்று மத்தியானம் முழுக்கத் தாள்கட்டு ஸ்டாஃப் ரூம் மேசையில் திறந்துதான் கிடந்தது. யார் வேண்டுமானாலும் ஒன்றை உருவியிருக்கலாம். ஆனால் நான் சேர்ந்து ஆறே மாதம். வேலை போய்விடும் என்று பயம்.

"இருந்தேன் சிஸ்டர். எண்ணித்தான் போட்டேன்."

ஆக, தாள் போனது எண்ணி முடித்த பிறகு. அதற்குப் பிறகு என்றால் முத்திரையும் சாவியும் வைத்திருந்தவர்தான். பிலோமினா டீச்சர் என்னைப் பார்த்தார். "இவ அங்க இல்ல" என்று அவர் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. அவரே எடுத்ததாலா, என்னைக் காப்பாற்றவா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த வாரமே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

பொய் சொன்ன அன்று அழுதேன் என்று உங்களிடம் சொல்ல ஆசைதான். அழுகை வரவில்லை, பசித்தது. டிபன் பாக்ஸைத் திறந்து எலுமிச்சை சாதத்தை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன். கூட இருந்த கிறிஸ்தவ டீச்சர்களுக்காவது, செய்த பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யச் சர்ச் சாமியார் இருந்தார். நான் பஸ் ஏறி வழக்கம்போலத் தூங்கினேன்.

2012இல் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. வடலூரில் டியூஷன் எடுக்கிறாராம். என் இடுப்பில் இருந்த குழந்தையின் கன்னத்தைத் தொட்டு, "ஒன்ன மாதிரியே இருக்கா" என்றார். மன்னிப்பு தொண்டை வரைக்கும் வந்தது. அதற்குள் வடலூர் பஸ் வந்துவிட்டது. படியில் கால் வைத்தவர் திரும்பினார்.

"அன்னைக்கு ஒனக்கு பஸ் கெடச்சிச்சா?"

"கெடச்சிச்சு டீச்சர்."

சிரித்துக்கொண்டே ஏறிப் போனார்.

இப்போது அந்தப் பள்ளியில் அரக்கு இல்லை. பரீட்சையன்று காலையில்தான் தாள் பிரின்ட் ஆகிறதாம். காக்கி உறையும் முத்திரையும் போயின. நாலே முக்கால் பஸ்ஸையும் நிறுத்திவிட்டார்கள். பிலோமினா டீச்சரும் இரண்டு வருஷத்துக்கு முன்னால் இறந்துவிட்டார். அன்று நான் அங்கே இல்லை என்பது தெரிந்த ஒரே ஆள் அவர்.